அம்மாவின் போனுக்கு நாங்கள் போட்ட பூட்டுகள்: நான்கு சனிக்கிழமை பயன்படுத்திப் பார்த்த பிறகு

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் எங்கள் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர்தான், கோயிலில் அத்தையோடு உட்கார்ந்து பூ கட்டுகிறவர், அவர் வீட்டில் கல்யாண வயதில் ஒரு பையனும் இருக்கிறான், அதனால் அத்தை ஒன்றும் யோசிக்காமல் தட்டிவிட்டார். போன் ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தார். மறுபடி கேட்டது, மறுபடி கொடுத்தார். பத்திரிகை திறக்கவே இல்லை. நெட் மெதுவாக இருக்கிறது போல என்று போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கணக்கிலிருந்து 3,870 வெள்ளி (ரிங்கிட்) போயிருந்தது. பூ கட்டுகிற அந்த அம்மா எதையும் அனுப்பவே இல்லை, அவருடைய வாட்ஸ்அப்பும் அதே மாதிரி ஒரு பத்திரிகையால்தான் பறிபோயிருந்தது.

அத்தை பள்ளிக்கூட கேண்டீனில் நின்று வேலை செய்து சேர்த்த காசு அது. திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அம்மா பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறார், வயது 64, அப்பா போன பிறகு வந்த இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணமும் அம்மா பிறையில் தொழிற்சாலை வேலை செய்து சேர்த்ததும் ஒரே கணக்கில் கிடந்தது, அந்தக் கணக்கு முழுவதும் அம்மாவின் போனுக்குள் இருந்தது. நான் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன், சனிக்கிழமைதான் ஃபெர்ரி ஏறி அந்தப் பக்கம் போக முடிகிறது. தம்பி கோலாலம்பூரில். ஏதாவது நடந்தால் அந்த நேரத்தில் அம்மா தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். அதனால் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து, இந்த நாட்டில் நமக்குக் கிடைக்கிற பாதுகாப்பு வசதிகளை ஒவ்வொன்றாக அம்மாவையே செய்ய வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டு, பதற்றத்தில் கை நடுங்கிக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல் அம்மாவால் இதைச் செய்ய முடிகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். கீழே கொடுத்திருக்கிற மதிப்பெண் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் போன். அத்தைக்கு வந்த கோப்பின் பெயர் முடிகிற இடத்தில் ஏபிகே என்று மூன்று எழுத்து இருந்தது. படம் என்றால் பெரும்பாலும் ஜேபிஜி என்று முடியும், பத்திரிகை என்றால் பிடிஎஃப். ஏபிகே என்றால் அது ஆண்ட்ராய்டு போனுக்குள் ஒரு செயலியையே இறக்கி வைக்கிற கோப்பு. வீடு சுத்தம் செய்து தருகிறோம், இந்தச் செயலியை இறக்கிப் பதிவு செய்யுங்கள் என்று முகநூலில் மலிவு விலை விளம்பரம் வருமே, அதுவும் இதே வேலைதான். உள்ளே வந்ததும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், பணம் அனுப்பும்போது உறுதி செய்ய பேங்க் உங்களுக்கு அனுப்புகிற டெக் நம்பர் மோசடிக்காரனுக்கும் போய்விடும். இன்னும் மோசமானவை அக்செசிபிலிட்டி என்று ஓர் அனுமதி கேட்கும், பார்வைக் குறைவு உள்ளவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக வைத்த நல்ல வசதி அது, அதைத் தப்பான செயலிக்குக் கொடுத்தால் நீங்கள் திரையில் தட்டுவதை எல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கும், சமயம் வந்தால் உங்களுக்குப் பதிலாக அதுவே தட்டும். அத்தை நடுவில் ஒரு நாள் பேங்க் செயலியைத் திறந்து கரண்ட் பில் கட்டியிருக்கிறார், அப்போதுதான் கடவுச்சொல் போயிருக்கும் என்று போன் கடைத் தம்பி சொன்னான்.

இதற்கு ஆண்ட்ராய்டிலேயே ஒரு பூட்டு இருக்கிறது, ஆனால் நிறைய பேர் அதைப் பாதிதான் போட்டிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து, வெளியிலிருந்து செயலி இறக்குகிற அனுமதி போன் முழுவதற்கும் ஒன்றாக இல்லை, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. குரோமுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, ஃபைல் மேனேஜருக்கு ஒன்று. செட்டிங்ஸில் போய் தேடுகிற பெட்டியில் அன்னோன் ஆப்ஸ் என்று தட்டினால் பட்டியல் வரும். அம்மாவின் போனில் வாட்ஸ்அப்புக்கு அது திறந்தே கிடந்தது! எப்போது திறந்தார், எதற்குத் திறந்தார் என்று அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் மூடினோம். பிளே ஸ்டோரில் தப்பான செயலிகளைத் தேடிப் பிடிக்கிற பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்றும் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க எண் ஒன்று வைத்தோம், பிறந்த தேதி வேண்டாம் என்று நான் சொன்னதால் அம்மா பழைய தோட்டத்து வீட்டு நம்பரையும் லயன் நம்பரையும் சேர்த்து வைத்தார். அந்த எண் இருந்தால், வாட்ஸ்அப் அனுப்புகிற குறுஞ்செய்திக் குறியீட்டை ஒருவன் திருடினாலும் அது மட்டும் வைத்துக்கொண்டு வேறு போனில் உங்கள் கணக்கைத் திறக்க முடியாது. பூ கட்டுகிற அம்மாவிடம் அது இருந்திருந்தால் அத்தைக்கு அந்தப் பத்திரிகையே வந்திருக்காதோ என்று இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

போனுக்குள் இருக்கிற இந்தப் பூட்டுகளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அரை மணி நேர வேலை, காசு கிடையாது, ஒரு தடவை போட்டுவிட்டால் ஆபத்து வருகிற நேரத்தில் அம்மா ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஏபிகே கோப்பு ஏறாது, அதனால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் போலி பேங்க் பக்கமும் போலி போலீஸ் அழைப்பும் அவர்களுக்கும் வரத்தான் செய்யும்.

அடுத்தது பேங்க் செயலியின் ஒப்புதல் திரை. 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா எல்லா வங்கிகளையும் குறுஞ்செய்தி டெக் நம்பரை விட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறச் சொன்னது. அதனால் இப்போது பணம் அனுப்பும்போது செயலியிலேயே ஒரு திரை வந்து நிற்கிறது, எவ்வளவு, யாருக்கு, சம்மதமா என்று. பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆறு இலக்க நம்பரை வாயால் கேட்டு வாங்கிவிடலாம், குறுஞ்செய்தியிலிருந்து திருடிவிடலாம். இது அந்த ஒரு போனில்தான் வரும்.

ஆனால் இதை அம்மாவிடம் சோதித்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. என் மடிக்கணினியில் அம்மாவே அவருடைய கணக்கைத் திறந்து கொடுத்தார், நான் உட்கார்ந்து விவரங்களை நிரப்பினேன். "கரண்ட் பில் கட்டுறேன்மா, 84 வெள்ளி, போன்ல வரும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, உண்மையில் 10 வெள்ளியை என் பெயருக்கு அனுப்பினேன். போன் அதிர்ந்தது. அம்மா எடுத்தார், பச்சைப் பொத்தானை அழுத்தினார், மேசையில் வைத்தார். இரண்டு வினாடிகூட ஆகவில்லை. "என்னம்மா படிச்சீங்க?" என்றேன். "நீதானே கரண்ட் பில்னு சொன்ன" என்றார். போனில் பேசிக்கொண்டே மோசடிக்காரன் செய்வதும் இதுதானே. காதில் ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பான், திரையில் வேறொன்று இருக்கும், நாம் கேட்டதைத்தான் நம்புவோம்.

அப்புறம் நான் அந்தத் திரையை உற்றுப் பார்த்தேன். பொத்தான் பெரியது, பளிச்சென்று பச்சை. தொகை நடுத்தரமாக இருக்கிறது. பணம் யாருக்குப் போகிறது என்கிற பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அம்மாவுக்குக் கண் சரியில்லை என்பதால் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம், அப்படி வைத்தால் பெயரின் பின்பாதி வெட்டுப்பட்டு மூன்று புள்ளிதான் தெரிகிறது. எந்த பேங்க் என்று இங்கே சொல்லவில்லை, புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பேங்க் செயலியில் மிகப் பெரிதாக இருக்க வேண்டியது அந்தப் பெயர். உங்கள் பேங்கில் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள், முக்கியமாக வயதானவர்கள் போனில் எழுத்துப் பெரிதாக இருக்கும்போது பாருங்கள்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, அழுத்துவதற்கு முன்னால் அம்மா பெயரையும் தொகையையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சாமி அறையில் தேவாரம் படிக்கிற குரலில் படிக்கச் சொன்னேன். மூன்று வாரம் பழக்கினோம். கடைசி வாரம் நான் மறுபடியும் ஏமாற்றப் பார்த்தேன், அம்மா என் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இது டிஎன்பி இல்லையே, உன் பேருல்ல வருது" என்று என்னை முறைத்தார். திரைக்கு ஐந்துக்கு மூன்று, அதுவும் அம்மா பழகிய பிறகு.

தினசரி அனுப்பும் வரம்பை 500 வெள்ளிக்குக் குறைத்தோம். குறைப்பது உடனே நடந்தது. திரும்ப ஏற்ற வேண்டுமானால் எங்கள் பேங்கில் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். புதுப் போனில் முதல் தடவை பதிவு செய்தாலும் அதே காத்திருப்புதான், இதுவும் பேங்க் நெகாரா 2022-இல் சொன்னவற்றில் ஒன்று. ஒப்புதல் கொடுப்பதற்கு ஒரே ஒரு போன்தான் என்பதும் அப்போது வந்ததுதான். போன் மாற்றிய அன்று அம்மா சலித்துக்கொண்டார், மளிகைக் கடைக்குக் காசு அனுப்ப முடியவில்லை என்று. திருடன் அம்மாவின் கணக்கை அவன் போனில் ஏற்றினாலும் அவனுக்கும் அதே 12 மணி நேரம் கட்டிப்போடும், அதற்குள் நமக்குத் தகவல் வந்துவிடும் என்று சொன்னதும் சலிப்பு போய்விட்டது. இந்த வரம்பு விஷயத்தை எல்லோரும் செய்யலாம். மாதம் ஒரு தடவைகூட 500 வெள்ளிக்கு மேல் அனுப்பாத ஒருவருக்கு 10,000, 20,000 என்று வரம்பு திறந்து கிடப்பதில் ஒரு பயனும் இல்லை.

இனி கில் சுவிட்ச். இதைத்தான் மிகவும் எதிர்பார்த்துப் போனேன். ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் நம் கணக்கின் இணையச் சேவையை நாமே ஒரே அழுத்தில் நிறுத்திவிடும் வசதி. மலேசியாவில் பல வங்கிகள் இதைக் கொண்டுவந்துவிட்டன, யோசனை அருமையானது, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

எங்கள் பேங்கில் அது செயலிக்குள் நான்கு திரை தாண்டி ஒளிந்திருக்கிறது. உள்ளே நுழைய வேண்டும், மூன்று கோட்டை அழுத்த வேண்டும், செட்டிங்ஸ், அதற்குள் செக்யூரிட்டி, அதற்குள் கீழே இழுத்தால் கடைசியில். முதல் சனிக்கிழமை அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாமல், "யாரோ பணம் எடுக்கிறாங்கம்மா, நிறுத்துங்க" என்றேன். விளையாட்டு என்று தெரிந்தும் அம்மாவுக்குக் கை நடுங்கியது. கடவுச்சொல் இரண்டு தடவை தப்பானது. உறுதியா என்று ஒரு கேள்வி வந்ததும் பயந்து ரத்து செய்துவிட்டார். மொத்தம் 4 நிமிடம் 20 வினாடி. நான்காவது சனிக்கிழமை 50 வினாடியில் முடித்தார், அதனால் பழகினால் முடியும், சந்தேகமில்லை.

பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அத்தைக்கு நடந்த மாதிரி போனுக்குள்ளேயே திருட்டுச் செயலி உட்கார்ந்திருந்தால், அந்தப் போனில் கில் சுவிட்சை எப்படி நம்பி அழுத்துவது? திரையை அவன் பிடித்து வைத்திருக்கிறான். அந்த மாதிரி நேரத்தில் போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு ஒரு போனிலிருந்து பேங்கின் மோசடிப் பிரிவுக்கு அழைப்பதுதான் வழி. 24 மணி நேரமும் இதற்கென்று தனி எண் வைத்திருக்க வேண்டும் என்பதும் அந்த 2022 உத்தரவில் இருக்கிறது. எங்கள் பேங்கிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏடிஎம் அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருப்பது வேறு எண், பொதுச் சேவைக்கானது, அதில் அழைத்தால் மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, மாண்டரினுக்கு மூன்று, அப்புறம் கடன் அட்டைக்கு ஒன்று, வீட்டுக்கடனுக்கு இரண்டு என்று ஒரு பெண் குரல் நிதானமாகப் படித்துக்கொண்டே போகிறது. மோசடிப் பிரிவு எண் இணையத்தளத்தில் அடியில் கிடந்தது. அதை எடுத்து முருகன் படம் போட்ட நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அம்மாவையே பெரிதாக எழுதச் சொல்லி, ஃபிரிட்ஜில் ஒட்டினோம். அதற்குக் கீழே 997, மோசடியில் பணம் போனால் அழைக்கிற எண். அதற்குக் கீழே பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பெயர், ஏன் என்றால் வேறு போன் வேண்டும் என்றால் அவரிடம்தான் ஓட வேண்டும். ஆன்ட்டியிடமும் சொல்லி வைத்துவிட்டோம்.

இன்னொன்றும் சோதித்தோம். கில் சுவிட்ச் போட்ட பிறகு அம்மா ஏடிஎம்மில் போய் அட்டையைச் செருகினார், 50 வெள்ளி வந்துவிட்டது. அதாவது எங்கள் பேங்கில் அது இணையச் சேவையை மட்டும்தான் நிறுத்துகிறது, அட்டையைத் தனியாக நிறுத்த வேண்டும். இது தப்பு என்று சொல்ல வரவில்லை, போன் முடங்கினாலும் அம்மாவுக்குச் சாப்பாட்டுக்குக் காசு வேண்டுமே, நல்லதுதான். ஆனால் எல்லாம் பூட்டிவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. திரும்பத் திறக்க அம்மா அடையாள அட்டையோடு கிளைக்கு நேரில் போனார், ஒன்றரை மணி நேரம். எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பிடித்திருக்கிறது. சுலபமாகத் திறக்க முடிந்தால் திருடனும் திறந்துவிடுவான். வசதிக்கு நான்கு, அதை ஒளித்து வைத்த இடத்துக்கு ஒன்று, நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

997 பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையம், நிதிக்குற்றங்களுக்கான தேசிய மையம், இவர்களோடு வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் அழைக்க வேண்டியது இங்கேதான். நம் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எந்தக் கணக்குக்குத் தாவியது என்று பின்னாலேயே துரத்தி, மிச்சம் இருப்பதைத் தடுத்து வைப்பதுதான் வேலை. 2024-இல் இதற்காக நேஷனல் ஃப்ராட் போர்ட்டல் என்று ஒரு தளம் வந்து, வங்கிகளுக்கு இடையே பணம் போன தடத்தைத் தேடும் வேலை தானியங்கி ஆகியிருக்கிறது. மோசடிக்காரன் ஒரு கணக்கில் பணத்தை வைத்திருப்பதில்லை, வந்த வேகத்தில் நான்கைந்து கணக்குக்குப் பிரித்து அனுப்பிவிடுகிறான், அதனால் நிமிடக் கணக்குதான் எல்லாம்.

அத்தை விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். காலையில் பணம் போனதைப் பார்த்ததும் மாமா அவரைக் கூட்டிக்கொண்டு நேராக பேங்க் கிளைக்குப் போய்விட்டார். கதவு திறக்கும்வரை வெளியே, திறந்த பிறகு நம்பர் எடுத்துக்கொண்டு உள்ளே. முன்னால் 20 பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நம்பர் தாளை மடித்து மடித்து அது கிழிந்தே போய்விட்டது என்று மாமா சொன்னார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்து கவுன்டரில் இருந்த பெண், "முதலில் 997-க்கு அழையுங்கள், அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்" என்றார். வாசலிலேயே யாராவது அதைச் சொல்லியிருக்கலாம், ஒரு தாள் ஒட்டியிருக்கலாம். அழைத்தபோது பணம் மூன்றாவது கணக்கைத் தாண்டிவிட்டது. அதனால் தயவுசெய்து, பணம் போய்விட்டால் எங்கேயும் கிளம்பாதீர்கள், இருந்த இடத்திலேயே நின்று 997. உங்கள் கணக்கு எண், போன தொகை, நேரம், எந்தக் கணக்குக்குப் போனது, இவ்வளவும் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். போலீஸ் ரிப்போர்ட் அன்றே செய்துவிடுங்கள். அது இல்லாமல் விசாரணை நகராது.

பேங்க் கொடுக்கிற பதில் உங்களுக்கு நியாயமாகத் தெரியவில்லை என்றால் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் வருகிற தகராறைத் தீர்த்து வைக்கிற நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது, நமக்குக் கட்டணம் கிடையாது. அத்தையின் விண்ணப்பத்தை நான்தான் உட்கார்ந்து எழுதினேன், என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

பணம் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது செமாக் மூல். போலீஸின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்துகிற தளம். பேங்க் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போட்டால் அதன் மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று காட்டும், பதிவு செய்யத் தேவையில்லை, இலவசம். முகநூலில் யாரிடமாவது புடவையோ பழைய சோபாவோ வாங்கும்போது, முன்பணம் கேட்டால், வாடகை வீட்டுக்கு டெபாசிட் கேட்டால், ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துவிடுங்கள். அம்மா இதைச் சுலபமாகப் பிடித்துக்கொண்டார், பாத்திரம் விற்றவர் கொடுத்த கணக்கை அவரே போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் படம் பிடித்து அனுப்பினார். ஒன்று மட்டும் அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். புகார் இல்லை என்று வந்தால் நல்லவன் என்று ஆகிவிடாது, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். நேற்று வாடகைக்கு எடுத்த கணக்கு இன்றைக்குச் சுத்தமாகத்தான் தெரியும்.

வாடகை என்று சொன்னதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், நம் பிள்ளைகள் விஷயம். அக்காவுன் கெல்டாய் என்கிறார்களே, கழுதைக் கணக்கு, மோசடிப் பணத்தைக் கைமாற்ற மற்றவர்களிடம் வாடகைக்கு எடுக்கிற கணக்கு, அதற்கு ஆள் பிடிப்பது நம் பக்கத்திலும் நடக்கிறது. பிறையில் எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பையன், படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்தவன், ஏடிஎம் அட்டையையும் பின் நம்பரையும் கொடுத்தால் சில நூறு வெள்ளி தருகிறோம் என்று நண்பன் சொன்னான் என்று கொடுக்கத் தயாராக இருந்தான். அவன் அம்மாதான் பார்த்து நிறுத்தினார். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி இதற்கென்றே பிரிவுகள் கொண்டுவந்திருக்கிறார்கள், கணக்கையோ அட்டையையோ சட்டபூர்வமான காரணம் இல்லாமல் இன்னொருவர் கையில் கொடுப்பதே குற்றம், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அத்தையின் 3,870 வெள்ளியும் அந்த மாதிரி ஏதோ ஒரு பையனின் அட்டை வழியாகத்தான் போயிருக்கும். வீட்டில் 18, 19 வயதுப் பிள்ளைகள் இருந்தால் உட்கார வைத்து இதைப் பேசுங்கள்.

அழைப்பவர் யார் என்று காட்டும் செயலி ஒன்றும் போட்டுப் பார்த்தோம். ஹூஸ்கால், ட்ரூகாலர் என்று நிறைய இருக்கின்றன, நாங்கள் போட்டது எது என்று சொல்லவில்லை. காப்புறுதி விற்கிறவர்களையும் கடன் கொடுக்கிறவர்களையும் நன்றாகப் பிடித்தது. ஆனால் மூன்றாவது வாரம் அம்மாவுக்கு மக்காவ் மோசடி அழைப்பு (போலீஸ், அதிகாரி என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிப்பது) ஒன்று வந்தபோது அதில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, புது எண் போல இருக்கிறது. ஒரு பெண் மலாயில், உங்கள் அடையாள அட்டை நம்பரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது என்று ஆரம்பித்து, இன்ஸ்பெக்டரிடம் இணைக்கிறேன் என்று ஓர் ஆணிடம் கொடுத்திருக்கிறாள். அவன் அம்மாவின் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்லியிருக்கிறான், அதில்தான் அம்மா ஆடிப்போய்விட்டார். பணத்தை ஒரு பாதுகாப்பான கணக்குக்கு மாற்ற வேண்டும் என்றானாம். அம்மா, "என் மகள் வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்றதும் அவன் குரல் மாறிவிட்டது, யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வாரண்டு என்று சத்தம் போட்டிருக்கிறான். அம்மா வைத்துவிட்டார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "மகள்கிட்ட சொல்லாதேன்னு சொல்றவன் எப்படிமா போலீஸா இருப்பான்" என்றார். எந்தச் செயலியும் கொடுக்க முடியாத எச்சரிக்கை அது. செயலிக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டதால் கடைசியில் எடுத்துவிட்டோம். இப்போது வீட்டில் வைத்திருக்கிற பழக்கம் இதுதான்: பேங்க், போலீஸ், வருமானவரி, 997 என்று யார் பெயரைச் சொல்லிக்கொண்டு அழைத்தாலும் அம்மா வைத்துவிடுவார், வேண்டுமானால் ஃபிரிட்ஜில் இருக்கும் தாளைப் பார்த்து அவரே திரும்ப அழைப்பார்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்கு நிம்மதியைக் கொடுத்தது, அதற்குத் தொழில்நுட்பமே வேண்டியதில்லை. பணத்தைப் பிரித்தோம். இபிஎஃப் பணம் வேறு பேங்கில் புதுக் கணக்குக்குப் போய்விட்டது, இணையச் சேவை இல்லை, செயலி இல்லை, எடுக்க வேண்டுமானால் அம்மா நேரில் போய் கையெழுத்துப் போட வேண்டும். போனில் இருக்கிற கணக்கில் மாதச் செலவுக்கு 1,200 வெள்ளி மட்டும். ஒரு பகுதிப் பணத்தை இணையத்தில் தொட முடியாதபடி பூட்டி வைக்கிற வசதி இப்போது சில வங்கிகளில் வந்திருக்கிறது, அது உங்கள் பேங்கில் இருந்தால் தனிக் கணக்கு திறக்கிற அலைச்சல் மிச்சம். கணக்கு திறக்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர் மூன்று தடவை கேட்டார், ஆன்லைன் வேண்டாமா ஆன்ட்டி, செயலி இலவசம், சுலபம் என்று. அம்மா மூன்று தடவையும் வேண்டாம் என்று தலையாட்டினார். இதற்கு ஐந்துக்கு ஐந்து.

வருகிற சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறோம். அத்தை இன்னும் புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை, மாமாவின் பழைய பட்டன் போனில்தான் பேசுகிறார், வாட்ஸ்அப் இல்லாததால் பேரப்பிள்ளை படம் பார்க்க முடியாமல் இருக்கிறார். நான் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன், அம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற தாளை அத்தைக்கும் ஒன்று எழுதி, மடித்து, கைப்பையில் வைத்திருக்கிறார், அவரே சொல்லிக் கொடுக்கப் போகிறாராம்.